மடி பார்த்தல்

செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணி,
ஹுவான் ஆற்றங்கரைக் கால்பந்து சங்கத்தின் பின்னறை.
தோற்ற வருடங்களின் புகைப்படங்களுக்குக் கீழே
மடக்கு நாற்காலிகளில் பதினொரு பேர்.

மெரின் டோலி பகலில் டயர் கடையில் வேலை செய்பவள்.
மேசைமேல் ஒரு மணல்மூட்டையைத் தூக்கி வைத்தாள்.
அதன் வயிற்றில் பழைய கம்பளித் தொப்பியைத் தைத்திருந்தாள்.
"இது வாலபி. செத்துவிட்டது.
முதலில் யார் கை விடுவது?"

ஓய்வுபெற்ற தபால்காரர் கூரையைப் பார்த்தார்.
ஆப்பிள் தோட்டத்துச் சகோதரிகள்
ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.
வளர்ந்தவர்களுக்குத்தான் வெட்கம் அதிகம்.

"முதலில் வண்டியை ஓரங்கட்டுங்கள்.
நீங்கள் செத்தால் உங்கள் பையை யார் பார்ப்பது?
பிறகு ஆணா பெண்ணா என்று பாருங்கள். சிரிக்காதே, கெல்வின்.
உரோமம் முளைக்காத குட்டி காம்பை விடாது.
இழுக்காதீர்கள், வாய் கிழியும்.
தாயின் பக்கமாகக் காம்பை வெட்டி
துணியோடு சேர்த்து ஊக்கு குத்துங்கள்.
பசும்பால் கூடாது. கொஞ்சல் கூடாது.
சூடு, இருட்டு, அமைதி. அப்புறம் போன்."

கடைசியில் ஒரு படிவம். அதில் கடைசிக் கேள்வி:
இதுவரை நீங்கள் இடித்த விலங்குகள், சுமாராக.
விடியுமுன் ரொட்டி கொண்டுபோகும் வேன் என்னுடையது.
ஏழு வருடம்.
'தெரியாது' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
'தெரியும்' என்று எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து, ஷீப்வாஷ் வளைவில்,
நாலு மணி பத்து நிமிடம். உறைபனி.
நான் இடித்ததல்ல
இந்த முறை.

கையுறை மாட்டிக்கொண்டு முழங்காலிட்டேன்.
கைவிட்டவனுக்கும் கை விட்டவனுக்கும் நடுவே
ஒரு வெற்றிடம்தான். அதைத் தாண்ட
ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

உள்ளே இன்னும் சூடு.
தொப்பியின் கம்பளி போலவே இல்லை.
என் கன்னத்தின் உட்புறம் போல ஈரமாய், வழவழப்பாய்.
நான்கு காம்புகள். மூன்று சுருங்கிக் கிடந்தன.
ஒன்று மட்டும் சுண்டுவிரல் நீளத்துக்கு.
நுனியில் பால்.
குட்டி இல்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
இவள் மடியில் கனம் இருந்திருக்கிறது,
வழியில்தான் பயம் இல்லாமல் போயிற்று.
இருந்திருந்தால் தாரோரத்து இளம்புல்லுக்காக
இவ்வளவு தூரம் வந்திருப்பாளா?

காம்பு நீண்டு, பை காலியாக இருந்தால்
குட்டி இறங்கி நடக்கும் வயது, பக்கத்தில்தான் நிற்கும்:
மெரின் இரண்டு தரம் சொன்னது.
பெரணிப் புதரில் டார்ச் அடித்தேன். வேலிக்கம்பி, முட்செடி, ஒரு பீர் டப்பா.
என்ன சொல்லிக் கூப்பிடுவது?
அதன் மொழியில் நான் வெறும் வண்டிச்சத்தம்.
ஒரு தடவை ஏதோ தும்மியது.
இலையாகவும் இருக்கலாம்.

போனில் மெரின் தூக்கக் குரலில்,
"இடத்தைச் சொல். நான் போய்ப் பார்க்கிறேன்.
நீ ரொட்டியைக் கொண்டுபோ."

பின்னங்கால்களைப் பிடித்து அவளைப் புல்லுக்கு இழுத்தேன்,
அவளைத் தின்ன வருவது அடுத்துச் சாகாதிருக்க.
முதுகில் இளஞ்சிவப்புப் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி.
பள்ளிக்கூடத்தில் அது தப்புக்குப் போடுவது.
இங்கே, பார்த்தாயிற்று என்று அர்த்தம்.
இன்னொருவர் நிற்க வேண்டியதில்லை.

"நாற்பது நிமிடம் தாமதம். டயர் பஞ்சரா?" என்றாள்
கடைக்கார இஸோபெல்.
இல்லை என்றேன்.
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது:
காணவில்லை. பொழுது சாய்ந்ததும் மறுபடி போகிறேன்.

முதல் ரொட்டியின் உறையில்
இளஞ்சிவப்பாய் என் கட்டைவிரல் ரேகை.
இஸோபெல் துணியால் துடைத்தாள், எச்சில் தொட்டுத் துடைத்தாள்.
"இது என்ன, போகவே மாட்டேன் என்கிறது?"

போகாது, என்றேன்.
வகுப்பிலேயே சொன்னார்கள்.